மழை நாடும் மணல் நாடும்: இலங்கையையும் சவூதி அரேபியாவையும் ஒப்பிட்டுப் பார்த்தல்

மலையகத்தில் சவூதி என்ற பெயரைக் கேட்டறியாத லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) இருக்காது. யாராவது ஒரு சித்தியோ அக்காவோ அங்கே வீட்டு வேலைக்குப் போயிருப்பார். அவர் அனுப்பிய காசில் கூரைத் தகரம் மாறியிருக்கும், அல்லது பிள்ளையின் ரியூசன் கட்டணம் கட்டப்பட்டிருக்கும். இவ்வளவு பழகிய பெயராக இருந்தும், அந்த நாட்டை யார் எப்படி ஆள்கிறார்கள், குடிநீர் எங்கிருந்து வருகிறது, எண்ணெய் விற்ற காசு என்னவாகிறது என்று கேட்டால், பாலைவனம், மன்னர், எண்ணெய் என்ற மூன்று சொற்களோடு நம்மில் பலருடைய பதில் முடிந்துவிடுகிறது. நம் நாட்டைப் பற்றி அங்குள்ளவர்கள் கொடுக்கும் பதிலும் தேயிலை, மழை, பணிப்பெண் என்ற அளவில்தான் இருக்கும் என்பது வேறு விடயம்.

பாடசாலையில் “இரு நாடுகளை ஒப்பிடுக” என்ற வினா வந்தால், தாளின் நடுவே ஒரு கோட்டைக் கீறி, இடப்பக்கம் ஒரு நாட்டையும் வலப்பக்கம் மற்றதையும் எழுதி, நிலம், அரசாங்கம், பொருளாதாரம் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு போவது வழக்கம். அது பிழையில்லை, புள்ளிகளும் கிடைக்கும். ஆனால் அந்த அட்டவணை, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே காட்டும். மேல் வரியில் உள்ள நிலம் கீழ் வரியில் உள்ள பொருளாதாரத்தை எப்படி உருவாக்கியது, அந்தப் பொருளாதாரம் அரசாங்கத்தின் போக்கை எப்படி மாற்றியது என்ற தொடர்பை அது காட்டாது. ஒப்பீட்டின் பயனே அந்தத் தொடர்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் இங்கே வரிசையை விட்டுவிட்டு, தொடர்பைப் பிடித்துக்கொண்டு போவோம்.

முதலில் அளவு. சவூதி அரேபியாவின் பரப்பளவு சுமார் 21 இலட்சத்து 50 ஆயிரம் சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர். அதாவது அந்த நாடு நம்முடையதைப் போல ஏறத்தாழ 33 மடங்கு பெரியது. அதன் தெற்கே உள்ள ருப் அல் காலி என்ற மணல் பாலைவனம் மட்டுமே இலங்கையைப் போல் பத்து மடங்கு வரும். சனத்தொகை என்று பார்த்தால் இந்த இடைவெளி காணாமல் போய்விடுகிறது. 2022 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி சவூதியில் சுமார் 3 கோடி 22 இலட்சம் பேர் வாழ்கின்றனர். 2024 ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி இலங்கையில் சுமார் 2 கோடி 17 இலட்சம் பேர். நிலம் 33 மடங்கு, மக்களோ ஒன்றரை மடங்கு. ஒரு சதுர கிலோமீற்றருக்கு இங்கே 330 பேர் அளவிலும் அங்கே 15 பேர் அளவிலும் வாழ்கிறார்கள் என்று இதைப் புத்தகங்கள் சுருக்கிச் சொல்லும்.

இந்தச் சராசரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. சவூதியில் 15 பேர் என்பது, ஒவ்வொருவருக்கும் ஒரு மணல்மேடு என்ற கணக்கில் மக்கள் பரந்து வாழ்கிறார்கள் என்று பொருள்படாது. ரியாத், ஜித்தா, மக்கா, மதீனா, தம்மாம் போன்ற நகரங்களில் நெருக்கமாக வாழ்கிறார்கள். மீதி நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவர்கள் நகரவாசிகள். இலங்கையிலோ 2012 ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி நகரவாசிகள் வெறும் 18 சதவீதம். இதைக் கண்டு, இலங்கை முழுவதும் வயலும் காடும்தான் என்று ஒரு வெளிநாட்டவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. நம் புள்ளிவிபரத்தில் மாநகர சபை, நகர சபை ஆகியவற்றின் எல்லைக்குள் வசிப்பவர்கள் மட்டுமே நகரத்தவர். பிரதேச சபைக்கு உட்பட்ட இடம் எவ்வளவு கடைத்தெருவாக மாறியிருந்தாலும் அது கிராமம்தான். அதற்கும் மேலாக, நகரம், கிராமம் என்ற இரண்டோடு நில்லாமல் பெருந்தோட்டம் என்ற மூன்றாவது பிரிவையும் இலங்கையின் குடிசன மதிப்பீடு வைத்திருக்கிறது. 2012 இல் அதில் 4.4 சதவீதத்தினர் அடங்கினர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்கள் நகரத்தவரும் அல்லர், கிராமத்தவரும் அல்லர் என்று அரசாங்கக் கணக்கே தனியாகப் பிரித்து வைத்திருப்பது, ஒரு காலத்தில் இந்த நாட்டின் பொருளாதாரம் எப்படி அமைக்கப்பட்டது என்பதற்கான சான்றும் ஆகும். எந்த இரு நாடுகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு முன், இரண்டு இடத்திலும் ஒரே பொருளைத்தான் எண்ணினார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனித் தண்ணீர். இரு நாடுகளுக்கும் உள்ள உண்மையான இடைவெளி இதிலேதான் தொடங்குகிறது. தென்மேல் பருவக்காற்று மே மாதம் முதல் செப்டெம்பர் வரை கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து நம் மலைகளின் மேற்குச் சரிவில் மோதுவதால், வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டுகிறது. அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரமிழந்து வறண்ட காற்றாகிவிடுவதால், வட்டவளையில் குடையில்லாமல் வெளியே வர முடியாத ஜூலை மாதத்தில் பதுளையிலும் பண்டாரவளையிலும் வெயில் காய்கிறது. ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை கிடைப்பதே அந்த வறண்ட காற்று வீசும் மாதங்களில்தான். டிசம்பரில் வடகீழ் பருவக்காற்று வரும்போது நிலைமை மாறுகிறது. ஆக, ஹட்டனுக்கும் பதுளைக்கும் இடையே உள்ள ஒரு மலைத்தொடர், சிறிய நாடு ஒன்றையே இரண்டு காலநிலைகளாகப் பிரித்துவிடுகிறது.

ரியாத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். வட்டவளையில் மழைக்காலத்தில் ஒரே நாளில் அவ்வளவு பெய்துவிடுவதுண்டு. சவூதி அரேபியாவில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மழை பெய்தால் சில மணி நேரம் வெள்ளம் பாய்ந்து பிறகு காய்ந்துவிடும் ஓடைகளே உண்டு. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கடலைச் சேர்வதையும், களனி கங்கையின் கிளையாறுகளை மறித்துக் கட்டிய காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களையும், கொத்மலையையும் விக்டோரியாவையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது. நமக்கு மேலேயிருந்து கீழே விழும் தண்ணீர் மின்சாரத்தைத் தருகிறது. அவர்களோ எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்து, கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து, கிழக்குக் கரையிலுள்ள ஜுபைல் போன்ற இடங்களிலிருந்து 400 கிலோமீற்றருக்கும் அதிகமான குழாய்வழி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீற்றர் உயரத்திலுள்ள ரியாத்துக்குத் தண்ணீரை மேலே தள்ளுகிறார்கள். கடல்நீரைக் குடிநீராக்குவதில் உலகில் முதலிடம் அந்த நாட்டுக்கே. அவர்களுடைய குடிநீரில் பாதிக்கு மேல் இப்படிக் கிடைப்பதுதான். நாம் தண்ணீரிலிருந்து சக்தியை எடுக்கிறோம். அவர்கள் சக்தியைச் செலவிட்டுத் தண்ணீரை எடுக்கிறார்கள்.

எண்ணெய்ப் பணம் இருந்தால் நிலத்தையே மாற்றிவிடலாம் என்று ஒரு காலத்தில் அங்கே நம்பினார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்கம் பெரும் மானியம் கொடுத்து, பாலைவனத்தில் கோதுமை பயிரிடச் செய்தது. ஆழ்கிணறுகள் தோண்டி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் தேங்கிய, மழையால் மீண்டும் நிரம்பாத நீரை இறைத்தார்கள். 1980களில் நாடு கோதுமையில் தன்னிறைவு கண்டது மட்டுமன்றி ஏற்றுமதியும் செய்தது. நிலத்தடி நீர் வேகமாக வற்றத் தொடங்கியதும் 2008 இல் திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட முடிவுசெய்து, 2016 உடன் உள்நாட்டுக் கோதுமைக் கொள்வனவை நிறுத்தினார்கள். புவியியல் என்பது அசைக்க முடியாத விதியன்று, ஆனால் அதை மீறுவதற்கு ஒரு விலை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த நாட்டிலும் மலையகம் உண்டு என்பதையும் இடையே சொல்லிவிட வேண்டும். தென்மேற்கே யெமன் எல்லையை ஒட்டிய அசீர், ஜீசான் பகுதிகளில் மலைகள் சுமார் 3,000 மீற்றர் வரை உயர்கின்றன. நம் பிதுருதலாகல 2,524 மீற்றர்தான். அங்கே மழை பெய்கிறது, குளிர் இருக்கிறது, படிமுறைத் தோட்டங்களில் கோப்பி வளர்கிறது. நம் மலைகளிலும் முதலில் கோப்பிதான் இருந்தது. 1869 இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அசீர் மலைகளில் அப்படிப்பட்ட வணிகப் பெருந்தோட்டமும் வரவில்லை, அதற்காகக் கடல் கடந்து கூலிகளும் கொண்டுவரப்படவில்லை.

இப்போது நிலத்திலிருந்து பொருளாதாரத்துக்கு வருவோம். சவூதியின் கிழக்குப் பகுதியில் எண்ணெய் தேடும் உரிமை 1933 இல் ஓர் அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுக்கப்பட்டது. தம்மாமில் தோண்டிய முதல் கிணறுகள் ஏமாற்றம் தந்தன. 1938 மார்ச் மாதத்தில் ஏழாம் இலக்கக் கிணற்றில்தான் விற்பனைக்குத் தக்க அளவில் எண்ணெய் பீறிட்டது. பின்னர் கண்டெடுக்கப்பட்ட கவார் எண்ணெய்வயலின் நீளம் சுமார் 280 கிலோமீற்றர், அதாவது இலங்கையின் கிழக்கு மேற்கு அகலத்தைவிட அதிகம். இந்த எண்ணெய் நிலத்துக்குள்ளிருந்து எளிதாக வெளிவருவதால், ஒரு பீப்பாயை மேலே கொண்டுவர ஆகும் செலவு ஒரு சில டொலர்கள் மட்டுமே. விற்பனை விலை 60, 80, சில ஆண்டுகளில் 100 டொலரையும் தாண்டும்.

இதற்குப் பக்கத்தில் ஒரு கிலோ தேயிலைத்தூளை வைத்துப் பாருங்கள். அதற்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கொழுந்தை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, சரிவில் நின்றுகொண்டு கையால்தான் பறிக்க வேண்டும். ஒரே மலைக்கு வாரம் ஒருமுறை என்ற அளவில் திரும்பத் திரும்ப ஏற வேண்டும். மாலையில் நிறுவைக்காரர் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பதைக் கழித்துவிட்டு எழுதும் கிலோக் கணக்கு, நிர்ணயித்த அளவுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம்தான். பிறகு ஆலையில் வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, உலர்த்தி, சலித்து, கொழும்பு ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். எண்ணெயின் விலையில் பெரும்பகுதி நிலத்தின் கொடையாகவும், தேயிலையின் விலையில் பெரும்பகுதி மனித உழைப்பாகவும் இருப்பது, இந்த இரண்டு பொருளாதாரங்களுக்கும் உள்ள மிக அடிப்படையான வேறுபாடு. முதலாவதில் மிஞ்சும் இலாபம் பெரியது, அதைக் கையில் வைத்திருப்பவர் ஒருவரே. இரண்டாவதில் மிஞ்சுவது சிறியது, அதைக் கூட்ட வேண்டுமானால் நாட்சம்பளத்தை அழுத்திப் பிடிப்பதே எளிய வழியாகத் தோன்றிவிடுகிறது.

ஏற்றுமதிக்கென்று அமைந்த பொருளாதாரம் தனக்குரிய வழிகளையும் போட்டுக்கொள்ளும். கோப்பிக்காக 1867 இல் கண்டி வரை வந்த ரயில், தேயிலைக்காக 1885 இல் நானுஓயாவை அடைந்தது; அதன் நோக்கம் மலையிலிருந்து சரக்கைத் துறைமுகத்துக்கு இறக்குவது. சவூதியில் அதே வேலையைச் செய்வது கிழக்கு எண்ணெய்வயல்களிலிருந்து செங்கடல் கரையிலுள்ள யான்பு வரை சுமார் 1,200 கிலோமீற்றர் செல்லும் குழாய்.

வியப்பான ஒற்றுமை ஒன்றும் உண்டு. இரண்டு நாடுகளும் தங்கள் முக்கிய வளத்தை அந்நியக் கம்பனிகளிடமிருந்து ஒரே தசாப்தத்தில் கையகப்படுத்தின. இலங்கை 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975 இன் திருத்தத்தாலும் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. சவூதி, அங்கே எண்ணெய் எடுத்துவந்த அரம்கோ கம்பனியில் 1973 இல் 25 சதவீதமும், 1974 இல் 60 சதவீதமும், 1980 இல் முழுவதும் என்று பங்குகளைப் படிப்படியாக வாங்கியது. முடிவுகள் வேறு. 1973 இன் இறுதியில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் விலையை உயர்த்தியபோது, சில மாதங்களிலேயே ஒரு பீப்பாய் 3 டொலர் அளவிலிருந்து 12 டொலர் அளவுக்குப் போனது. சவூதியின் கருவூலம் நிரம்பியது. அதே காலத்தில் உலகச் சந்தையில் அரிசியும் கோதுமை மாவும் சீனியும் விலையேறியிருக்க, அந்நியச் செலாவணி இல்லாத இலங்கை இறக்குமதியைக் குறைத்தது, பங்கீட்டை வெட்டியது. காய்கறி பயிரிடச் சொந்த நிலமில்லாத தோட்டத் தொழிலாளர்களே அதில் மிக மோசமாக அடிபட்டனர். 1973, 1974 ஆம் ஆண்டுகளை மலையகத்து முதியவர்கள் இன்றும் பஞ்ச காலம் என்றே குறிப்பிடுகிறார்கள். பட்டினிச் சாவுகள் நடந்த காலம் அது. பஞ்சத்துக்கு எண்ணெய் விலை மட்டும் காரணமன்று, உள்நாட்டுக் கொள்கைக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆயினும் ஒரு நாட்டுக்குச் செழிப்பாக வந்த அதே விலையேற்றம் இன்னொரு நாட்டில் அரிசிப் பானையைத் தொட்டது என்பது, ஒப்பீட்டு அட்டவணையின் நடுக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டுகிறது. தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அரம்கோவின் மிகச் சிறிய பங்கு 2019 இல் பங்குச் சந்தைக்கு வந்தது. மிகப் பெரும்பகுதி இன்றும் அரசின் கையில்.

அரசாங்க முறைக்கு வரும்போது, மேலே சொன்ன வருமானக் கதையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இலங்கை 1948 இல் சுதந்திரமடைந்து, 1972 இல் குடியரசாகி, 1978 இன் அரசியலமைப்பின்படி நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதியையும் 225 உறுப்பினர் கொண்ட பாராளுமன்றத்தையும் மக்களே தேர்ந்தெடுக்கும் நாடு. சவூதி அரேபியா, மன்னர் அப்துல் அசீஸ் 1932 இல் ஒருங்கிணைத்த முடியாட்சி. அவர் 1953 இல் மறைந்ததிலிருந்து இன்றுவரை அரியணையேறிய ஆறு மன்னர்களும் அவருடைய புதல்வர்களே. 1992 இல் வெளியான ஆட்சி அடிப்படைச் சட்டம், குர்ஆனும் நபிவழியுமே நாட்டின் அரசியலமைப்பு என்று கூறுகிறது; அரசியல் கட்சிகள் கிடையா. 150 உறுப்பினர் கொண்ட ஷூரா சபை ஒன்று உண்டு. உறுப்பினர்களை மன்னரே நியமிப்பார், சபை ஆலோசனை கூறும், இறுதி முடிவு மன்னருடையது. 2015 முதல் சல்மான் மன்னராக இருக்கிறார். அன்றாட ஆட்சியை நடத்துபவர் 2017 இல் பட்டத்து இளவரசராகவும் 2022 இல் பிரதமராகவும் ஆன அவருடைய மகன் முகம்மது பின் சல்மான்.

முழு முடியாட்சி என்றால் ஒரே மனிதர் நினைத்தபடி எல்லாம் நடக்கும் என்று தொடக்க வாசகர்கள் எண்ணிவிடுகிறார்கள். 1964 இல் மன்னர் சவூதை அரச குடும்பத்தினரே மார்க்க அறிஞர்களின் ஒப்புதலோடு பதவியிலிருந்து இறக்கினார்கள். வாக்குப்பெட்டி இல்லாத இடத்திலும் அதிகாரத்துக்குக் குடும்பம், மார்க்க அறிஞர்கள், பணம் என்ற தூண்கள் தேவைப்படுகின்றன. மக்கா, மதீனா ஆகிய புனிதத் தலங்களைக் காப்பவர் என்ற தகுதியும் அதில் ஒன்று. மாவனல்லையிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அந்த அரசைப் பார்ப்பது, வேலைக்குப் போகிறவர்கள் பார்ப்பதிலிருந்து வேறான கோணத்தில். எண்கள் ஏமாற்றும் இடமும் இங்கே உண்டு: 2013 முதல் ஷூரா சபையில் ஐந்தில் ஒரு பங்கு பெண்கள், நம் பாராளுமன்றத்தில் 2024 தேர்தலுக்குப் பின்னும் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆனால் அவர்கள் நியமனம் பெற்றவர்கள், இவர்கள் வாக்குப் பெற்றவர்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முதலாகப் பாராளுமன்றத்துக்குச் சென்றது அந்த 2024 தேர்தலில்தான்.

இந்த வேறுபாட்டை விளக்க அறிஞர்கள் ஒரு கருத்தை முன்வைக்கிறார்கள். பூமிக்கடியிலிருந்து வருமானம் வரும் அரசு, மக்களிடம் வரிக்காகக் கை நீட்ட வேண்டியதில்லை. வரி கேட்காத அரசிடம் மக்களும் கணக்குக் கேட்பது குறையும். வாடகைக் காசில் வாழும் வீட்டுக்காரர் போன்றது அந்த அரசு என்பதால் அதை வாடகை அரசு என்பர். சவூதியில் இன்றும் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. பாடசாலையும் மருத்துவமும் குடிமக்களுக்கு இலவசம். அரச வருமானத்தில் பாதிக்கு மேல் எண்ணெயிலிருந்து வருகிறது. இலங்கை அரசின் வருமானமோ பெரும்பாலும் வரிதான். 2019 இன் இறுதியில் வரிகளைப் பெருமளவில் குறைத்ததும், அதைத் தொடர்ந்த கடன் நெருக்கடியும், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்ற அறிவிப்பும், ஜூலையில் மக்கள் போராட்டத்தால் ஒரு ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகியதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

கருத்து அழகானது. அதனாலேயே அதைச் சற்று ஐயத்தோடு அணுக வேண்டும். வட கடலில் 1969 இல் எண்ணெய் கண்ட நோர்வே மக்களாட்சியாகவே நீடிக்கிறது, ஏனெனில் அதன் பாராளுமன்ற மரபு எண்ணெய்க்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. சவூதியும் 2014 இல் எண்ணெய் விலை சரிந்த பின் 2018 இல் 5 சதவீதப் பெறுமதி சேர் வரியை அறிமுகம் செய்து, 2020 இல் அதை 15 சதவீதமாக்கிவிட்டது. நம் நாட்டில் அது 18 சதவீதம். வரி வந்ததும் அங்கே தேர்தல் வந்துவிடவில்லை.

அரசாங்கத்தை ஒப்பிடும்போது, யார் ஆள்கிறார்கள் என்பதைவிட, யார் குடிமகனாகக் கணக்கிடப்படுகிறார் என்ற கேள்வியே மலையக வாசகருக்கு அதிகம் பேசும். சவூதியில் வசிக்கும் 3 கோடி 22 இலட்சம் பேரில் ஏறத்தாழ 1 கோடி 34 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 41 பேருக்கு மேல், வெளிநாட்டவர்கள். இகாமா என்ற வதிவிட அனுமதியோடு இருப்பவர்கள். அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிறப்பால் மட்டும் குடியுரிமை கிடைப்பதில்லை. வீடு கட்டுவதும் தெரு கூட்டுவதும் பிள்ளை வளர்ப்பதும் பெரும்பாலும் இவர்கள். தொழிலாளியின் தங்கும் உரிமையை முதலாளியின் பெயரோடு கட்டிவைக்கும் கபாலா முறை, 2021 இன் சீர்திருத்தங்களால் தனியார் கம்பனி ஊழியர்களுக்குச் சற்றுத் தளர்ந்தது. வீட்டுப் பணியாளர்கள் அந்தச் சீர்திருத்தத்துக்கு வெளியே விடப்பட்டார்கள்.

இதை வாசித்து, அது மன்னராட்சி, அப்படித்தான் இருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1931 இலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமை கண்ட இலங்கை, சுதந்திரம் பெற்ற அதே 1948 இல், பாராளுமன்றத்தில் வாக்கெடுத்து, பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதியை ஈட்டிக்கொடுத்த ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் அதனால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வாக்குரிமையையும் இழந்தனர். 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது; பிரிக்கப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. எஞ்சியவர்களின் பிரச்சினை 2003 இன் சட்டத்தோடுதான் ஒரு முடிவுக்கு வந்தது. உழைப்பை வரவேற்று உழைப்பவரை வெளியே நிறுத்தும் போக்குக்கு ஆட்சிமுறை மட்டும் காரணமாக இருக்க முடியாது. மலிவான உழைப்பில் தங்கியிருக்கும் பொருளாதாரத்தை இரண்டு பக்கத்திலும் தேடிப் பார்க்க வேண்டும்.

வருமான எண்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2023 இல் சவூதியின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரு இலட்சம் கோடி டொலரைத் தாண்டியிருந்தது. இலங்கையினுடையது சுமார் 8,400 கோடி டொலர். தலைக்கு என்று பிரித்தால் இடைவெளி எட்டு மடங்கு அளவுக்குச் சுருங்குகிறது. அதிலும், ஒரு டொலருக்கு ஹட்டனில் வாங்கக்கூடியது ரியாத்தில் வாங்கக்கூடியதைவிட அதிகம் என்பதால் உண்மையான இடைவெளி இன்னும் குறைவு. ரியால் 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருக்கிறது; இலங்கை ரூபாய் 2022 இன் ஒரு சில மாதங்களில் 200 சொச்சத்திலிருந்து 360 வரை சரிந்தது. ஒரு விடயம் பலருக்கும் புதிதாக இருக்கலாம்: இலங்கையின் முதன்மை ஏற்றுமதி இன்று தேயிலை அன்று, தைத்த ஆடை. தேயிலையிலும் எழுபது சதவீதத்துக்கு மேல் சிறுதோட்டக்காரர்களுடையது. அவர்களில் பெரும்பாலோர் காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் இருக்கிறார்கள்.

2024 இல் தேயிலை ஏற்றுமதி சுமார் 140 கோடி டொலரைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பியது சுமார் 657 கோடி டொலர். மலையில் கொழுந்து பறிப்பவரைவிட, மலையை விட்டுப் போனவரும் அவரைப் போன்ற பிற மாவட்டத்தவரும் நாட்டுக்கு நாலு மடங்குக்கு மேல் டொலர் தருகிறார்கள். அந்தப் பணத்தில் கணிசமான பங்கு வளைகுடா நாடுகளிலிருந்து வருவது. இலங்கைத் தேயிலையை அதிகம் வாங்குவோரிலும் ஈராக், ஈரான், ஐக்கிய அரபு அமீரகம், லிபியா, ரஷ்யா என்று எண்ணெய் விற்கும் நாடுகள் பல. ஆகவே எண்ணெய் விலை இலங்கையை மூன்று வழிகளில் தொடுகிறது: நாம் வாங்கும் எரிபொருளின் விலையாக, அவர்கள் வாங்கும் தேயிலையின் விலையாக, நம்மவர் அனுப்பும் சம்பளமாக. மூன்றும் ஒரே திசையில் போவதில்லை.

2014 ஜூனில் 100 டொலருக்கு மேல் விற்ற ஒரு பீப்பாய் எண்ணெய், 2015 ஜனவரியில் 50 டொலருக்குக் கீழே வந்தது. சவூதி அரசு வரவுசெலவில் பற்றாக்குறை கண்டு, எண்ணெயை மட்டும் நம்பியிராத பொருளாதாரம் என்ற இலக்கோடு 2016 இல் விஷன் 2030 திட்டத்தை அறிவித்தது. இலங்கையில் பெற்றோல் ஒரு லீற்றர் 117 ரூபாயாகக் குறைக்கப்பட்டது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் தேயிலை வாங்கும் நாடுகளின் கை இறுகியதால் கொழும்பு ஏலத்தில் விலை விழுந்தது. அதே 2015 இல் தோட்டத் தொழிலாளரின் கூட்டு ஒப்பந்தம் காலாவதியாகி, நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஏல விலையைக் காட்டிக் கம்பனிகள் மறுத்தன. ஒன்றரை ஆண்டு இழுபறிக்குப் பின், 2016 ஒக்டோபரில், கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து 730 ரூபாய் என்று ஒப்பந்தம் கைச்சாத்தானது; 1,000 ரூபாய் சட்டமாவதற்கு 2021 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.